கூரைமேல் நின்ற பனை

லோஜினி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கடற்கரைப் பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

இடியாக இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தாள். மேகம் இருந்தது, மின்னல் இல்லை. பக்கத்து வீட்டு நாய் மட்டும் கடலைப் பார்த்துக் குரைத்தது. லோஜினி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், வாய் நிறைய நுரையோடு அப்படியே ஓடத் தொடங்கினாள்.

கடற்கரையில் இரண்டு பனை நிற்க வேண்டும். ஒன்றுதான் நின்றது.

இறக்கக்கண்டியில் அந்தப் பனைகளைத் தெரியாத ஆள் கிடையாது. தெற்கே நின்றது அண்ணன். வடக்கே நின்றது தம்பி. இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே மாதிரிச் சிலுப்பிய தலை. எது முதலில் முளைத்தது என்று அந்தப் பனைகளிடமே கேட்டாலும் சண்டைதான் வரும்.

முன்பெல்லாம் பனைகளுக்கும் கடலுக்கும் நடுவில் கிரிக்கெட் விளையாடலாம். இப்போது நின்று மட்டையை வீசக்கூட இடம் இல்லை. வாடைக்காற்றுக் காலம் வந்தால் போதும், கடல் ஊருக்குள் ஒரு எட்டு எடுத்து வைக்கும். முதலில் கரைவலைக் கொட்டிலை எடுத்தது. பிறகு கொங்கிறீற் பாதையின் ஓரத்தைக் கொறித்தது. போன வருடம் லோஜினி வீட்டுக் குசினிச் சுவர் விழுந்தது. அதனால் குசினி இப்போது வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. விருந்தாளிகள் இடியப்பப் பானையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

லோஜினியின் சிநேகிதி ஸஹ்ராவுக்கு மாலைதீவில் வேலை செய்யும் சாச்சா ஒருவர் இருக்கிறார். அவரும் போனில் இதையே சொல்வார். "இஞ்சயும் அதே கதைதான் புள்ள. எங்க போனாலும் கடல் பின்னாலயே வருது."

லோஜினி கரைக்கு வந்தபோது அங்கே ஒரு சிறு கூட்டம் கூடியிருந்தது. தேத்தண்ணிக்கடை அபூதாஹிர் நானா, கையில் கோடரியோடு விழுந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸஹ்ராவும் அங்கேதான் நின்றாள்.

"கடைசியில தம்பி போயிட்டான்," என்றாள் லோஜினி, மூச்சு வாங்க.

"முதல்ல வாயைத் துடை புள்ள," என்றார் நானா. "போனது தம்பி இல்ல. அண்ணன்."

லோஜினி வடக்கையும் தெற்கையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஓம், நானா சொன்னது சரிதான். நிற்பது தம்பி. அதன் காலைச் சுற்றி மண்மூட்டைகள் கிடந்தன. பிறகு எப்படித் தப்பாக நினைத்தாள்?

ஊரே தம்பிதான் விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தம்பியின் வேர்கள் வெளியே வந்து, தாடி போலத் தொங்கத் தொடங்கிப் பல நாளாகிவிட்டது. அதைக் காப்பாற்றத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் நடந்தது. கோயில் ஆட்கள், பள்ளிவாசல் ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உரப்பைகளில் மண் நிரப்பி, தம்பியைச் சுற்றி அடுக்கினார்கள். லோஜினியும் ஸஹ்ராவும் கை சிவக்கச் சிவக்கச் சுமந்தார்கள்.

"லோஜி," ஸஹ்ரா மெதுவாகக் கேட்டாள். "அண்டைக்கு நாங்க மண் எங்க அள்ளினது?"

இருவரும் அண்ணன் நின்ற இடத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெரிய குழி. அதற்குள் அலை வந்து போய்க்கொண்டிருந்தது.

கிட்டவாக இருக்கிறதென்று எல்லோரும் அண்ணனின் காலடியில்தான் அள்ளியிருந்தார்கள். தம்பிக்குப் போர்த்திய மண் முழுவதும் அண்ணனின் போர்வை. ஊரில் ஒருவருக்குக்கூட அன்றைக்கு அது தோன்றவில்லை.

நானா தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்து போச்சு. போட்டுகளுக்குக் குறி பார்க்க ஒரு பனை நிக்குதுதானே. அது போதும்."

குறி.

அந்தச் சொல் கேட்டதும் லோஜினி சட்டெனக் கடல் பக்கம் திரும்பினாள்.

ஆகஸ்ட் விடுமுறையில் அப்பா பாக்கியரத்தினம் அவளைப் போட்டில் கூட்டிப்போயிருந்தார். திரும்பி வரும்போது கரைக்குக் குறுக்கே தண்ணீருக்கடியில் கிடக்கும் முருகைக்கல் பாறைகளைக் காட்டினார். அந்தப் பாறை வரிசையில் ஒரே ஒரு இடைவெளிதான் உண்டு. அதை மீனவர்கள் வாசல் என்பார்கள். வாசல் கண்ணுக்குத் தெரியாது. கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஊருக்குள்ள பள்ளிவாசல் மினாரா தெரியுதே?" என்று கேட்டார் அப்பா. "அண்ணன்பனை அந்த மினாராவை மறைக்கிற இடத்துக்குப் போட்டைக் கொண்டுவர வேணும். மறைச்சா வாசல். கண்ணை மூடிக்கொண்டு நேரா விடலாம்."

"தம்பிப்பனை மறைச்சா?"

"அப்ப நீயும் நானும் நீந்தித்தான் வீட்டுக்குப் போகோணும்."

அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. இன்றைக்கு அப்பா விடியமுன்னமே கடலுக்குப் போயிருந்தார். ஸஹ்ராவின் வாப்பா ஜெமீலும் அதே போட்டில்தான். போகும்போது அப்பா வீட்டு வாசலில் நின்று சொன்னதை லோஜினி பாயில் கிடந்தபடி கேட்டிருந்தாள்: "தம்பி இண்டைக்குத் தாண்டமாட்டான் போல. திரும்பி வரக்குள்ள ஒண்டுதான் நிக்கும்."

திரும்பி வரும்போது ஒன்றுதான் நிற்கும். அவர் சொன்னபடியே நடந்திருக்கிறது. ஆனால் எது?

"நானா, ரெண்டு பனையும் விழுந்திருந்தா நல்லது," என்றாள் லோஜினி.

"என்ன புள்ள கதைக்கிறாய்?"

"ரெண்டும் இல்லாட்டி அப்பாவுக்குச் சந்தேகம் வரும். நிண்டு யோசிப்பார். ஒண்டு நிக்கிறதுதான் பிழை. அவர் அதை அண்ணன் எண்டு நினைச்சு நேரா விடுவார்."

"உன்ர அப்பா கடலில வளர்ந்த மனுசன். ஒரு பனையைப் பார்த்து ஏமாறுவாரா?"

"நான் இஞ்சதான் பிறந்தனான் நானா. வேலிக்கு மேலால பார்த்துட்டு, தம்பி விழுந்துட்டான் எண்டுதானே ஓடி வந்தனான்?"

நானா கோடரியை மணலில் குத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். இரண்டு நாளாக அடங்கிக் கிடந்த கடல், பாறை வரிசைக்கு மேலே வெள்ளையாக நுரை கக்கத் தொடங்கியிருந்தது. காற்றும் திரும்பியிருந்தது.

*

ஸஹ்ரா போனை எடுத்து வாப்பாவுக்கு அடித்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

"என்ஜின் சத்தத்தில கேக்காது. போனைப் பொலித்தீன் பையில சுத்திப் பெட்டிக்குள்ள வைச்சிருப்பார். உன்ட அப்பாவுக்கு அடி."

"அப்பாட போன் எங்கட அரிசிப் பானைக்குள்ள கிடக்கு."

"ஏன்?"

"போன கிழமை கடலுக்குள்ள விழுந்தது. அரிசிக்குள்ள வைச்சா காயுமாம். ஒவ்வொரு நாளும் சோறு போடக்குள்ள எடுத்துப் பார்க்கிறம், இன்னும் காயேல்ல."

லோஜினியின் அம்மா நிலாவெளியில் ஒரு விடுதிக்கு வேலைக்குப் போயிருந்தார். ஸஹ்ராவின் உம்மா கலியாண வீடு ஒன்றுக்காகத் திருகோணமலைக்குப் போயிருந்தார். மற்றப் போட்டுகள் வாடைக் காலத்துக்காகக் கரையில் இழுத்துக் கவிழ்த்துக் கிடந்தன.

"ஒரு போட்டை இறக்கிப் போய்ச் சொல்ல ஏலாதா நானா?" என்று கேட்டாள் லோஜினி.

"இந்தக் கடலுக்குள்ள போட் இறக்கினா, எங்களைத் தேடுறதுக்கு இன்னொரு போட் இறக்கோணும்."

"அப்ப சிவப்புச் சால்வை ஒண்டை ஆட்டுவம்," என்றாள் ஸஹ்ரா.

லோஜினி யோசித்தாள். "ஊரில ஆட்களைக் கூப்பிடுறதுக்கும் கையைத்தானே ஆட்டுறம். கெதியா வாங்கோ எண்டு சொல்லுறம் எண்டு நினைச்சா?"

ஸஹ்ரா நகத்தைக் கடித்தாள். நானா மறுபடி கோடரியை எடுத்து, சும்மா நிற்கப் பொறுக்காமல், அண்ணனின் தலையிலிருந்து ஒரு ஓலையை வெட்டினார். வெட்டிய ஓலையைத் தூக்கி நிறுத்தி, மறுபக்கம் போட்டார்.

அது நிமிர்ந்து நின்ற அந்த ஒரு கணத்தில் லோஜினிக்குப் பளிச்சென்றது.

"நானா, கடலில இருந்து பார்க்கிற ஆளுக்குப் பனையில என்ன தெரியும்?"

"என்ன தெரியும்? தலைதான். வட்டமா, கறுப்பா."

"அப்ப ஒரு தலை போதும். நீளமான கம்பு ஒண்டில இந்த ஓலையெல்லாத்தையும் கட்டி நிமிர்த்துவம். அப்பா வரக்குள்ள ரெண்டு பனை நிக்கட்டும். எப்பவும் போல."

நானா ஓலையைப் பார்த்தார். லோஜினியைப் பார்த்தார். பிறகு தன் கடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கடைக்கு முன்னால் தறப்பாள் கட்டியிருந்த மூங்கில்தான் அந்தக் கரையிலேயே நீளமான கம்பு.

"மழை வந்தா தேத்தண்ணி குடிக்கிற ஆட்கள் நனைவாங்க," என்றார்.

"நனைஞ்சா இன்னொரு தேத்தண்ணி குடிப்பாங்க நானா," என்றாள் ஸஹ்ரா.

தறப்பாள் இறங்கியது. கூடி நின்றவர்களில் ஒருவர் கயிறு கொண்டு வந்தார். இன்னொருவர் ஓலைகளைக் குடை போல விரித்துக் கட்டினார். பார்த்தால் பனை மாதிரி இல்லை, தலை வாராத ஒரு பூதம் மாதிரி இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு போய், அண்ணன் நின்ற குழியில் நட்டார்கள். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு அலை வந்தது. மூன்று பேரும் விழுந்தார்கள். பூதம் அவர்கள் மேல் விழுந்தது. அடுத்த அலை குழியையே மூடி மணலைச் சமன் செய்துவிட்டுப் போனது. அண்ணன் நின்றதற்கு அடையாளமே இல்லை.

"இஞ்ச நிறுத்த ஏலாது," என்றார் நானா, வாயிலிருந்து மணலைத் துப்பியபடி. "வேற இடத்தில நட்டா குறி பிழைச்சுப் போகும்."

லோஜினி முழங்கால் தண்ணீருக்குள் நின்று தடுமாறினாள். அலை பின்வாங்கியபோது கணுக்காலில் ஏதோ சிக்கியது. கறுப்புக் கயிறு போன்ற வேர்கள். அண்ணனின் வேர்கள். மரம் போய்விட்டது, வேரில் பாதி இன்னும் மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் அந்த இடத்திலேயே நின்று, கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்தாள். தூரத்தில் மினாரா. அப்பா சொன்ன கோடு இங்கேதான் போகிறது. கடலில் போட், பிறகு அண்ணன், பிறகு மினாரா. எல்லாம் ஒரே கோட்டில்.

அந்தக் கோடு அண்ணனோடு முடியவில்லையே. அவளுக்கும் மினாராவுக்கும் நடுவில், பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு வீட்டின் தட்டைக் கூரை தெரிந்தது.

"ஸஹ்ரா, கோட்டில எங்க நிண்டாலும் கோடு மாறாதுதானே? பின்னுக்குப் போனா என்ன?"

ஸஹ்ரா அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். முகம் வாடியது.

"லோஜி, அது குல்சும் மாமிட வீடு."

*

உம்மு குல்சும் மாமி, ஸஹ்ராவின் வாப்பாவுக்கு மூத்த சகோதரி. அவர் வீட்டின் கீழ்ப்பகுதி கட்டி முடிந்திருந்தது. மேலே கொங்கிறீற் தளமும், நான்கு மூலையில் நான்கு தூண்களும் மட்டும். மேல்மாடியில் விருந்தாளிகள் கூடியிருக்கப் பெரிய ஹோல் ஒன்று வைத்துக் கட்ட வேண்டும் என்பது மாமியின் கனவு. அதைப் பற்றிக் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஆனால் எல்லைச் சுவர் விஷயத்தில் மாமிக்கும் ஜெமீலுக்கும் சண்டை வந்து, இருவரும் கதைத்தே எத்தனையோ நாளாகியிருந்தது. ஒரே வீதியில் எதிரே வந்தால், மாமி வானத்தையும் ஜெமீல் தரையையும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

கதவைத் தட்டியதும் மாமி வெளியே வந்தார். ஈரத்தோடு நின்ற இரண்டு பெண் பிள்ளைகளையும், பின்னால் நானாவையும், அவருக்குப் பின்னால் ஓலைப் பூதத்தையும் அதைச் சுமந்து நின்ற ஆட்களையும் பார்த்தார்.

"போன ஞாயிறு வாங்கிப் போன உரப்பை எங்க?" என்றுதான் தொடங்கினார்.

"மாமி, உரப்பை தம்பிப்பனைக்குக் கீழ இருக்கு. இப்ப உங்கட கூரை வேணும்," என்றாள் லோஜினி.

"உரப்பை போய் இப்ப கூரையா? நாளைக்கு என்ன, கிணறா?"

லோஜினி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் விழுந்தது, தம்பி நிற்பது, அப்பா எதைப் பார்ப்பார், போட் எங்கே போகும். மாமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"போட்டில ஆர் ஆர்?"

"அப்பாவும் ஜெமீல் மாமாவும்."

மாமி வானத்தைப் பார்த்தார்.

"ஜெமீலோட எனக்குக் கதை பேச்சு இல்ல," என்றார். "அவனிட்டச் சொல்லு, அந்தச் சுவர் விஷயத்தில பிழை அவன்டதான் எண்டு."

"அவர் கரைக்கு வந்தாத்தானே மாமி சொல்லலாம்," என்றாள் லோஜினி.

மாமியின் கைக்கட்டு அவிழ்ந்தது. அடுத்த நிமிடம் அவர்தான் எல்லோருக்கும் முன்னால் படியேறிக்கொண்டிருந்தார். "பார்த்து, பார்த்து. கம்பியில இடிக்காத. நானா, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கோ, இது வீடு."

லோஜினி கூரையில். ஸஹ்ரா கீழே, கரையில், அண்ணனின் வேர்கள் காலில் சிக்கும் இடத்தில். ஸஹ்ரா மினாராவைப் பார்த்து நிற்க வேண்டும். மூங்கில் மினாராவை மறைக்கும் வரை கை காட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஸஹ்ரா வலது கையைக் காட்டினாள். கூரையில் எல்லோரும் மூங்கிலை வலப்பக்கம் நகர்த்தினார்கள். ஸஹ்ரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் இவள் அடிச்சுக்கொள்றாள்?" என்றார் மாமி.

"அவள் எங்களைப் பார்த்து நிக்கிறாள் மாமி. அவளின்ர வலம் எங்கட இடம்." லோஜினி வாயைக் குவித்துக் கத்தினாள். "ஸஹ்ரா, கையைக் காட்டாத. வடக்கே பாலத்துப் பக்கமா, தெற்கே கோயில் பக்கமா எண்டு சொல்லு."

"கோயில் பக்கம்," என்று காற்றோடு குரல் வந்தது. "இன்னும். இன்னும். நில்லு. கொஞ்சம் பாலத்துப் பக்கம். அதுதான், அதுதான்."

லோஜினி குனிந்து, உடைந்த செங்கல் துண்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு கீறினாள்.

கீறிவிட்டு நிமிர்ந்தபோதுதான் இரண்டு விஷயங்களைக் கண்டாள்.

முதலாவது, அந்தக் கோடு எந்தத் தூணிலும் படவில்லை. தளத்தின் நடுவில், எதிலும் கட்ட முடியாத இடத்தில் இருந்தது.

இரண்டாவது, கடலில் ஒரு நீலப் புள்ளி. அப்பாவின் போட். காற்று மாறியதைக் கண்டு நேரத்தோடே திரும்பிவிட்டார்கள்.

*

"நிமித்துங்கோ," என்றார் நானா. "கெதியா."

மூங்கில் எழும்பியது. காற்று ஓலைக்குள் புகுந்ததும் அது படுத்துவிட்டது. மறுபடி எழுப்பினார்கள். இந்த முறை பிடித்திருந்த இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போய்த் தளத்தின் ஓரத்தில் படுத்தது.

கடலில் போட் மெல்லத் திரும்பியது. மூக்கு கரையைப் பார்த்தது.

"லோஜி," கீழேயிருந்து ஸஹ்ரா கத்தினாள். அவள் குரல் உடைந்திருந்தது. "அவங்க வடக்கால போறாங்க."

லோஜினிக்கும் தெரிந்தது. போட் தம்பியைக் குறி பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மினாராவும் தம்பியும் ஒன்றாகும். பிறகு அப்பா என்ஜினை முறுக்கி நேராக விடுவார். அந்த இடத்தில்தான் நுரை வெள்ளை வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது.

"கயிறு," என்றாள் லோஜினி. "தூணில கட்ட ஏலாட்டிப் பரவாயில்ல. மூங்கிலின்ர உச்சியில நாலு கயிறு கட்டி, நாலு தூணுக்கும் இழுத்துச் சுத்துங்கோ. அடியை நாங்க பிடிப்பம்."

கயிறு இரண்டுதான் இருந்தது.

மாமி படியில் தடதடவென்று இறங்கினார். திரும்பி வரும்போது கையில் உடுப்புக் காயப்போடும் கொடி இருந்தது, நனைந்த தலையணை உறை ஒன்று இன்னும் அதில் தொங்கியது. கோடரியால் அதை இரண்டாக வெட்டினார்கள். நான்கு கயிறும் நான்கு மூலைக்கும் ஓடின. ஒவ்வொரு தூணிலும் ஒருவர் கயிற்றைச் சுற்றி, காலைத் தூணில் முட்டுக்கொடுத்து இழுத்தார்.

மூங்கிலின் அடியை லோஜினி கட்டிப்பிடித்தாள். அவளுக்கு மேலே மாமி. "யா அல்லாஹ், இந்த ஒருமுறை," என்று மாமி முணுமுணுப்பது அவள் உச்சந்தலையில் சூடாகப் பட்டது. லோஜினி, கோணேசரில் தொடங்கித் தனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் வரிசையாகக் கூப்பிட்டாள்.

ஓலைத்தலை ஆடியது. நிமிர்ந்தது. நின்றது.

"கடலைப் பாருங்கோ, போட் என்ன செய்யுது?" என்றாள் லோஜினி. அவள் முகம் மூங்கிலில் அழுந்தியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

மேலே மாமி கழுத்தை நீட்டினார்.

"என்ன செய்யுது?"

"நிக்குது," என்றார் மாமி. "போட் நிக்குது புள்ள. ஆடிக்கொண்டு நிக்குது."

அப்பா யோசிக்கிறார். லோஜினிக்கு அது அப்படியே தெரிந்தது. கண்ணைச் சுருக்கி, கையை நெற்றியில் வைத்து, எண்ணுகிறார். ஒன்று. இரண்டு.

மூங்கில் அவள் கைக்குள் நழுவியது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"திரும்புது," என்றார் நானா மூலைத் தூணிலிருந்து. "தெக்கால வருது. வருது. இன்னும் வருது. இப்ப நேரா நிமித்துறான். விடுறான், விடுறான்."

என்ஜின் சத்தம் காற்றில் உயர்ந்தது. பிறகு ஸஹ்ராவின் சிரிப்பு கேட்டது. அழுகையும் கலந்த சிரிப்பு. கூரையில் இருந்தவர்களுக்கு வேறு செய்தி தேவைப்படவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டார்கள். பூதம் மாமியின் முற்றத்தில் போய் விழுந்து, ஒரு பூந்தொட்டியை உடைத்தது.

*

அப்பா கரையில் இறங்கியதும் முதலில் ஸஹ்ராவைப் பார்த்தார். பிறகு வெறுமையாகக் கிடந்த அண்ணனின் இடத்தைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லோஜினி ஓடி வந்தாள். கைகள் இரண்டும் மூங்கில் பட்டுச் சிராய்ந்திருந்தன.

"நான் தம்பியைத்தான் அண்ணன் எண்டு நினைச்சனான்," என்றார் அப்பா. "பிறகு பார்த்தா ரெண்டு நிக்குது. தெக்கால நிக்கிறது ஆர் வீட்டுக்கு மேலயோ நிக்கிறமாதிரி இருக்கு. எனக்குத்தான் கண் பிழை எண்டு நினைச்சன்."

"ஏன் பிறகு தெக்கால வந்தனீங்கள்?"

"ரெண்டு நிண்டா தெக்கால நிக்கிறது அண்ணன். அதில சந்தேகம் இல்லையே." அவர் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "ஆர் இந்த வேலைக்கு ஆள்?"

"எல்லாரும்தான். மாமிட உடுப்புக் கொடியும்."

ஜெமீல் மாமா இடுப்பில் நனைந்த சாரத்தோடு நேராகக் குல்சும் மாமியின் வாசலுக்கு நடந்தார். மாமி உடைந்த பூந்தொட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை ஒருவர் வானத்தையும் மற்றவர் தரையையும் பார்க்கவில்லை.

"ராத்தா," என்றார் ஜெமீல் மாமா. வீட்டில் மூத்த அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன?"

"தேத்தண்ணி இருக்கா?"

"காலில இருக்கிற மண்ணைத் தட்டிட்டு வா," என்றார் மாமி.

அடுத்த சிரமதானம் வந்தபோது, யார் மண் அள்ளுவது என்பதை விட எங்கே அள்ளுவது என்றுதான் நிறையக் கதைத்தார்கள். கரையில் ஒரு பிடிகூட எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. தம்பி இன்னும் நிற்கிறது. ஆனால் இப்போது அதன் கழுத்தில் ஒரு பழைய சிவப்புத் தறப்பாள் கட்டியிருக்கிறது, யாரும் அதைத் தப்பாக நினைக்காதபடி.

குல்சும் மாமி மேசனை வரவழைத்தார். லோஜினி கீறிய சிவப்புக் கோட்டில் ஐந்தாவது தூண் ஒன்று எழும்பியது. மற்ற நான்கையும் விட உயரம். வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பூசிய தூண். அது மாமியின் மேல்மாடி ஹோலுக்குச் சரி நடுவில் வந்தது.

"இந்த உலகத்திலேயே ஹோலுக்கு நடுவில தூண் வைச்ச ஆள் நான்தான்," என்று மாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். முறைப்பாடு போலத் தொடங்கும் அந்தக் கதை எப்போதும் பெருமையில்தான் முடிந்தது.

ஒரு நாள் பின்னேரம் லோஜினியும் மாமியும் அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கடல், பாதையின் ஓரத்தை மெல்ல மெல்ல நக்கிக்கொண்டிருந்தது.

"புள்ள," என்றார் மாமி. "கடல் இந்த வீட்டுக்கும் வந்திட்டுது எண்டு வை. பிறகு என்ன செய்வாங்க, போட்டில வாற ஆட்கள்?"

லோஜினி திரும்பி மினாராவைப் பார்த்தாள். கோட்டைக் கண்ணாலேயே பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மாமரம். ஒரு மதில். அதற்குப் பின்னால் உயரமாக ஒன்று.

"கோட்டில அடுத்தது எங்கட பள்ளிக்கூடத்துத் தண்ணித் தாங்கி மாமி. அதுக்கு இப்பவே பெயின்ற் அடிச்சு வைச்சா, ஆட்கள் ரெண்டையும் பார்த்துப் பழகிடுவினம். அதிபரிட்டக் கேக்கவா?"

"நீ தனியப் போய்க் கேட்டா 'பிறகு பார்ப்பம்' எண்டு சொல்லிப்போடுவார்."

மாமி மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"நில்லு, அபாயாவைப் போட்டுட்டு நானும் வாறன்."